இரண்டு பேட்டரி வண்டி: திருத்தணி டிரைவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஒரு திறந்த மடல்

திருத்தணி மலையடிவாரத்தில் வாடகைக் கார் ஓட்டுபவர்களே, ஆக்டிங் டிரைவராகப் போய்வருபவர்களே, சென்னை–திருப்பதி சாலையோரம் பட்டறை வைத்திருப்பவர்களே,

மைல்டு ஹைபிரிட் என்பது பெட்ரோலில் ஓடும் கார். அது மின்சாரக் கார் அல்ல. பாதி பெட்ரோல், பாதி மின்சாரம் என்ற கணக்கும் அதற்குப் பொருந்தாது. வண்டியை நகர்த்துவது எப்போதும் எஞ்சின்தான். அந்த எஞ்சினோடு பெல்ட்டால் பிணைத்த ஒரு சிறு மோட்டார், எஞ்சின் இழுக்கத் திணறும் நேரத்தில் சில நொடிகள் தோள்கொடுக்கிறது. வேகம் குறையும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பங்கைப் பிடித்துப் பேட்டரியில் சேர்க்கிறது. எஞ்சின் அணைந்த நிலையில் இந்த வண்டி மின்சாரத்தால் ஓர் அடிகூட ஓடாது.

செகண்ட் ஹேண்டில் கார் பார்க்க வரும் குடும்பத்துக்கு முதலில் தெரியவேண்டியது இதுதான். அவர்கள் அதைக் கேட்கப்போவது உங்களிடம். இந்த வகை ஹேட்ச்பேக் இப்போது ஷோரூமில் விற்பனைக்கு இல்லாததால், எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. வண்டியின் முதுகில் ‘ஸ்மார்ட் ஹைபிரிட்’ என்ற எழுத்து மட்டும் மினுங்கிக்கொண்டிருக்கிறது. அந்த எழுத்தைக் காட்டி லிட்டருக்கு 30 கிலோமீட்டர் என்று வாக்குக் கொடுப்பவர்களும், ‘பேட்டரி போனால் லட்சக்கணக்கில் செலவு’ என்று பயமுறுத்தி விலையைக் குறைப்பவர்களும் ஒரே சந்தையில்தான் நிற்கிறார்கள். இரண்டு பேச்சிலும் நட்டப்படுவது சிறுகச் சிறுகப் பணம் சேர்த்த குடும்பம். ஆகவே அந்த வண்டியின் உள்விவரத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடுங்கள்.

நம் சாலைகளில் இந்த வகை ஹேட்ச்பேக் என்றால் மாருதி சுசூகி பலேனோவின் ‘டூயல்ஜெட் ஸ்மார்ட் ஹைபிரிட்’தான், அதன் உடன்பிறப்பான டொயோட்டா கிளான்சாவில் ஒரு மாடலும் உண்டு. பலேனோ 2015 அக்டோபரில் வந்தது. 2019 ஏப்ரலில் அதில் இந்த ஹைபிரிட் எஞ்சின் சேர்ந்தது. டெல்டா, செட்டா என்ற இரண்டு தரங்களில், மேனுவல் கியரில் மட்டுமே கிடைத்தது. 2019 ஜூனில் கிளான்சா வந்தது. 2022 தொடக்கத்தில் இரண்டு கார்களும் புது உருவம் எடுத்தபோது ஹைபிரிட் பகுதி நீங்கிவிட்டது. ஆக, மூன்று ஆண்டுக்குள் செய்த வண்டிகள்தான் இன்று கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஆட்டோமேட்டிக் பலேனோவையோ 2023 மாடலையோ ஹைபிரிட் என்று சொல்லி யாராவது விற்க வந்தால், பானெட்டைத் திறக்காமலே மறுத்துவிடலாம்.

வண்டியின் நீளம் 3,995 மில்லிமீட்டர். எஞ்சின் 1,197 சிசி. இவை தற்செயலாக அமைந்த எண்கள் அல்ல. 4 மீட்டருக்கும் 1,200 சிசிக்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு வரி குறைவு என்பதால், கம்பெனிகள் அந்தக் கோட்டை ஒட்டியே காரைச் செதுக்குகின்றன. எஞ்சினில் 4 சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு இன்ஜெக்டர். டூயல்ஜெட் என்ற பெயர் அதனால் வந்தது. ஒரே இடத்தில் தடிப்பாகத் தெளிக்கும் பெட்ரோலை இரண்டு வாயில் வழியாக மெல்லிய தூவலாகத் தெளித்தால் அது காற்றோடு நன்கு கலந்து சுத்தமாக எரியும். சக்தி 90 பிஎஸ், இழுவை 113 நியூட்டன் மீட்டர். அதே காலத்துச் சாதாரண பலேனோ எஞ்சின் 83 பிஎஸ். 7 பிஎஸ் கூடியது மோட்டாரால் என்று பலர் நினைக்கிறார்கள். அது இந்தப் புது எஞ்சினின் வேலை.

மோட்டாரின் பெயர் ஐஎஸ்ஜி. நீங்கள் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்நேட்டர் இருக்கவேண்டிய இடத்தில் அது உட்கார்ந்திருக்கும். பார்வைக்கும் அதுபோலவே இருக்கும். டைனமோ ஒருவழிப் பாதை: எஞ்சின் சுற்றினால் கரண்ட் வரும், அவ்வளவுதான். ஐஎஸ்ஜி இருவழிப் பாதை. கரண்ட் எடுக்கவும் செய்யும், கரண்ட் கொடுத்தால் மோட்டாராகத் திரும்பி எஞ்சினைச் சுற்றவும் செய்யும். சாவியைத் திருப்பிக் காலையில் முதல்முறை கிளப்பும்போது பழைய செல்ஃப் மோட்டார்தான் வேலை செய்கிறது. சிக்னலில் நின்று மறுபடி கிளம்பும்போது ஐஎஸ்ஜி பெல்ட் வழியாக எஞ்சினைச் சுற்றுகிறது. பல்சக்கரம் கடிக்கும் ‘கர்ர்’ சத்தம் இல்லாததால், கிளம்பியதே தெரியாத அளவுக்கு அது மென்மையாக இருக்கும்.

இந்த இடத்தில் பெல்ட்டைப் பற்றி விரிவாகப் பேசியாகவேண்டும். பட்டறையில் அதிகம் தவறுவது இங்கேதான். சாதாரண வண்டியில் கிராங்க் புல்லி இழுக்கும், மற்றவை இழுபடும். பெல்ட்டின் ஒரு பக்கம் எப்போதும் விறைப்பு, மறுபக்கம் எப்போதும் தளர்வு. தளர்வான பக்கத்தில் டென்ஷனர் உட்கார்ந்தால் போதும். ஐஎஸ்ஜி வண்டியில் இந்த ஒழுங்கு நொடிக்கு நொடி மாறுகிறது. சார்ஜ் ஏறும்போது கிராங்க் இழுக்கிறது; உதவி செய்யும்போது ஐஎஸ்ஜி இழுக்கிறது. விறைப்பும் தளர்வும் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். அதற்கேற்ற டென்ஷனரும், அந்த அடியைத் தாங்கும் பெல்ட்டும்தான் கம்பெனி போட்டது. ‘அளவு ஒண்ணுதான், போட்டுடலாம்’ என்று சாதாரண ஃபேன் பெல்ட்டை மாட்டினால், முதல் வாரம் கீச்சுச் சத்தம் வரும், பிறகு சறுக்கும், பிறகு எச்சரிக்கை விளக்கு எரியும். குற்றம் பெல்ட்டில் இருக்க, ‘ஹைபிரிட் மோட்டார் போச்சு’ என்று பெரிய பில் போடுவது அநியாயம்.

பேட்டரி இரண்டு. பானெட்டுக்குள் வழக்கமான லெட்-ஆசிட் பேட்டரி. முன் இருக்கைக்கு அடியில் சிறிய லித்தியம் அயன் பேட்டரி. இரண்டும் 12 வோல்ட்தான். இங்கே பயம் வேண்டாம். டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா போன்றவற்றின் ஸ்ட்ராங் ஹைபிரிட் மாடல்களில் ஆரஞ்சு நிற ஒயரில் ஓடும் உயிர்கொல்லி வோல்ட்டேஜ் இதில் கிடையாது. ஆனால் 12 வோல்ட் என்று அலட்சியமும் வேண்டாம். லித்தியம் பேட்டரியின் இரு முனையும் ஸ்பேனரால் இணைந்துவிட்டால் பாயும் கரண்ட் ஸ்பேனரையே பழுக்கவைக்கும். ஏன் இரண்டு என்றால், இரண்டின் குணமும் வேறு. லெட்-ஆசிட் நிதானி: மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்கினால் நெடுங்காலம் உழைக்கும், திடீரென்று வந்து விழும் கரண்ட்டை விழுங்கத் தெரியாது. லித்தியம் அதை நொடியில் விழுங்கி நொடியில் திருப்பிக் கொடுக்கும். 2015-இல் வந்த சியாஸ் டீசலில் இந்த வேலை முழுவதையும் ஒரே பெரிய லெட்-ஆசிட் பேட்டரி செய்தது. 2018-இல் புது சியாஸ் பெட்ரோலில் லித்தியம் சேர்ந்தது. அதே ஏற்பாடுதான் பலேனோவுக்கு வந்தது.

லெட்-ஆசிட் பேட்டரி மாற்றும் நாளில் ஒரு சபலம் வரும். அடிக்கடி எஞ்சினை நிறுத்திக் கிளப்பும் வண்டிக்கென்று செய்த பேட்டரி விலை கூடுதல். சாதாரண பேட்டரியும் அதே இடத்தில் உட்காரும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும். சில மாதங்களில் எஞ்சின் தானாக நிற்பதும் கிளம்புவதும் ஓய்ந்துவிடும். வாடிக்கையாளர் எந்த அம்சத்துக்காகக் காசு கொடுத்து வண்டி வாங்கினாரோ, அதை அவர் அறியாமலே இழக்கிறார். மலிவானது போதும் என்று அவரே சொன்னால் அது அவர் விருப்பம்; சொல்லாமல் மாட்டினால் அது உங்கள் பொறுப்பு.

எஞ்சின் தானாக நிற்பது பற்றித்தான் டிரைவர்களுக்கு அதிகக் குழப்பம். வண்டி நின்று, கியர் நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் அணையும். கிளட்ச்சை மிதித்ததும் கிளம்பும். புதிதாக ஓட்டும் ஆக்டிங் டிரைவர், வண்டி ஆஃப் ஆகிவிட்டதென்று பதறிச் சாவியைத் திருப்புகிறார். ஓட்டும் முன் உரிமையாளரிடம் கேட்டுவிட்டால் போதும். பேட்டரியில் சார்ஜ் குறைந்திருந்தாலோ, எஞ்சின் இன்னும் சூடேறாமல் இருந்தாலோ, சீட் பெல்ட் போடாமல் இருந்தாலோ அது அணையாது. ஏசிக்கு வேலை அதிகமானாலும் அணையாது. இந்தக் கடைசி நிபந்தனை திருத்தணிக்கு முக்கியம். ஏசி கம்ப்ரசரைச் சுற்றுவது எஞ்சின்தான். எஞ்சின் நின்றால் உள்ளே வெறும் காற்றுதான் வரும். அக்கினி நட்சத்திர வெயிலில், ஐந்து பேர் உட்கார்ந்த காரில் ஏசி நின்றால் சில நொடிகள்கூடத் தாங்காது. ஆகவே எஞ்சின் உடனே கிளம்பிவிடும், அல்லது நிற்கவே நிற்காது. ஏப்ரல், மே மாதங்களில் இந்த அம்சத்தின் லாபம் சொற்பம். மார்கழிக் காலையிலும், ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு நகர்ந்து நகர்ந்து போகும்போதும்தான் அது பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறது.

இனி மலைக்கு வருவோம். பக்தர்கள் 365 படி ஏறும் மலைக்கு நீங்கள் சாலை வழியே வண்டியை ஏற்றுகிறீர்கள், அதே சாலையில் இறக்குகிறீர்கள். இறக்கத்தில் பேட்டரி முழுக்க ஏறிவிடும், அதனால் ஹைபிரிட்டுக்கு மலைதான் பெரிய லாபம் என்ற பேச்சு இருக்கிறது. கணக்கு வேறு சொல்கிறது. ஆட்களோடு சேர்த்து வண்டி 1,200 கிலோ என்று வையுங்கள். அது 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 0.33 யூனிட், வீட்டு மின்கட்டணத்தில் வரும் அதே யூனிட். இந்த வகை 12 வோல்ட் லித்தியம் பேட்டரியைத் தாராளமாக 10 ஆம்பியர்-மணி என்று எடுத்துக்கொண்டாலும் (ஐரோப்பாவில் 2020-இல் வந்த சுசூகி ஸ்விஃப்டில் அந்த அளவுதான்) அதன் மொத்தக் கொள்ளளவு 0.12 யூனிட். அதிலும் மிகச் சிறு பகுதியைத்தான் கணினி பயன்படுத்தவிடும். ஐஎஸ்ஜி பிடிக்கக்கூடிய வேகமும் இரண்டு மூன்று கிலோவாட்தான். ஆகவே இறக்கம் முடியும் முன்பே பேட்டரி நிரம்பிவிடும், அல்லது வரும் ஆற்றலில் பெரும்பகுதியைப் பிடிக்க முடியாமல் போகும். மிச்சம் எங்கே போகும்? கியரில் இருந்தால் எஞ்சின் இழுத்துப் பிடிக்கும். இல்லையென்றால் பிரேக் பேடில் சூடாக இறங்கும்.

பெட்ரோல் மிச்சம் என்று சொல்லி இறக்கத்தில் நியூட்ரலில் விடுபவர்களே, இது உங்களுக்கு. நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்க இன்ஜெக்டர் பெட்ரோல் தெளித்துக்கொண்டே இருக்கவேண்டும். செகண்ட் கியரில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினால் சக்கரமே எஞ்சினைச் சுற்றுவதால் பெட்ரோல் அடியோடு நின்றுவிடும். ஐஎஸ்ஜி சார்ஜ் பிடிப்பதும் அப்போதுதான். நியூட்ரலில் இறங்கும் ஹைபிரிட் வண்டி தன் ஒரே சிறப்பையும் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறது. பெட்ரோலும் செலவு, பேட்டரிக்கும் வரவில்லை, பேடும் தேய்கிறது, பேட் காய்ந்துபோனால் பின்சீட்டில் இருக்கும் குழந்தைக்கும் ஆபத்து. சாவியையே அணைத்துவிட்டு இறக்குவது இன்னும் கொடுமை. எஞ்சின் நின்றபின் இரண்டு மூன்று மிதியில் பிரேக் கல்லாகிவிடும்.

ஏற்றத்துக்கும் இதே கணக்குத்தான். மோட்டார் கைகொடுப்பது, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும் கியர் மாற்றி வேகம் எடுக்கும்போதும். அந்தச் சில நொடிகளில் எஞ்சினின் குறைந்த சுற்று இழுவைக்கு அது உண்மையிலேயே துணை. மலைப்பாதை முழுவதும் தள்ளிக்கொண்டு போகுமென்று எதிர்பார்த்தால், இரண்டாவது வளைவிலேயே அது ஒதுங்கிக்கொள்ளும். ஐந்து பேரும் சாமானும் இருந்தால் சாதாரண பலேனோ போலத்தான் கியரைக் குறைத்து ஏற்றவேண்டும்.

மைலேஜ் கணக்கை உங்களிடம் அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. விலைபேசும்போது எல்லாரும் கையில் எடுக்கும் ஆயுதம் அதுதான். ஆய்வகச் சோதனையில் ஸ்மார்ட் ஹைபிரிட் பலேனோவுக்குக் கிடைத்த எண் லிட்டருக்கு 23.87 கிலோமீட்டர். பழைய எஞ்சின் பலேனோவுக்கு பிஎஸ்-6 வடிவில் 21.01. அதாவது 100 கிலோமீட்டருக்கு 4.19 லிட்டரும் 4.76 லிட்டரும், வித்தியாசம் சுமார் 0.57 லிட்டர். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு 57 லிட்டர் மிச்சம். பெட்ரோலை 100 ரூபாய் என்று வைத்தால் 5,700 ரூபாய். ஆனால் இந்த மிச்சம் முழுவதும் ஹைபிரிட்டின் புண்ணியம் அல்ல. 2022-இல் வந்த பலேனோ அதே டூயல்ஜெட் எஞ்சினை வைத்துக்கொண்டு, ஐஎஸ்ஜியையும் லித்தியத்தையும் எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் அம்சத்தை மட்டும் விட்டுவைத்தது. அதன் மேனுவல் மாடலுக்குக் கிடைத்த எண் 22.35. இந்த இரண்டுக்கும் இடையே 100 கிலோமீட்டருக்கு 0.28 லிட்டர்தான். ஹைபிரிட் பகுதியின் சொந்தச் சம்பாத்தியம் ஆண்டுக்குச் சுமார் 2,800 ரூபாய். மீதி அந்த நல்ல எஞ்சினுடையது.

இதுவும் சோதனைக்கூடத்து எண். அந்தச் சோதனையில் நிற்பதும் கிளம்புவதும் நிறைய உண்டு; ஹைபிரிட்டுக்குச் சாதகமான ஓட்டம். திருத்தணியிலிருந்து திருவள்ளூர் வழியாகச் சென்னைக்கோ, பொன்பாடி தாண்டி நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்கோ ஒரே வேகத்தில் போனால் பிடிக்க ஆற்றலும் இல்லை, கைகொடுக்க வேலையும் இல்லை. நெடுஞ்சாலை ஓட்டமே பிழைப்பாக உள்ள டிரைவருக்கு இந்த வண்டி நல்ல எஞ்சின் உள்ள பெட்ரோல் கார், அவ்வளவே. ஊருக்குள் பள்ளி, கடை, ரயில் நிலையம் என்று ஓட்டுபவருக்குத்தான் ஹைபிரிட் பகுதி கொஞ்சம் சம்பாதித்துக் கொடுக்கும்.

இவ்வளவு சிறிய லாபத்துக்கு ஏன் இதைச் செய்தார்கள் என்று கேட்பீர்கள். 2015-இல் தொடங்கிய ஃபேம் மானியத் திட்டத்தில் மைல்டு ஹைபிரிட்டுக்கும் இடம் இருந்தது. 2017 ஏப்ரலில் அது நீங்கியது. அதற்குப் பிறகும் ஒரு காரணம் மிஞ்சியது: கம்பெனியின் மொத்த வண்டிகளுக்கும் சராசரியாக அரசு விதிக்கும் புகை வரம்புக்குள் நிற்க, ஒவ்வொரு வண்டியிலும் கிடைக்கும் ஒன்றிரண்டு கிலோமீட்டரும் உதவும். ஐரோப்பாவில் அந்த விதி கடுமை என்பதால் இந்தத் தொழில்நுட்பம் அங்கே இன்னும் தொடர்கிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் செய்யும் ஹூண்டாய் ஐ20-இல் ஹைபிரிட் கிடையாது. அதே தலைமுறை ஐ20 துருக்கியில் தயாராகி ஐரோப்பாவுக்குப் போகும்போது 48 வோல்ட் மைல்டு ஹைபிரிட்டோடும் போனது. 48 வோல்ட்டில் அதே கம்பியில் நான்கு மடங்கு சக்தி பாயும் என்பதால் பிடிப்பும் உதவியும் அதிகம், செலவும் அதிகம். நம் ஊர் வாங்குபவரின் விலைக்கு 12 வோல்ட்தான் எட்டியது. ஹேட்ச்பேக்கில் அதுவும் மூன்று ஆண்டுகளில் நின்றது.

இனி இந்த வண்டிகள் பழைய வண்டிகளாகவே உங்கள் கைக்கு வரும். ஆந்திரப் பதிவெண்ணோடு எல்லை தாண்டி வருவதும் உண்டு. அதற்கு என்ஓசி, வரி, மறுபதிவு என்ற சங்கடங்கள் வழக்கம்போல. ஆனால் சென்னைப் பக்கமிருந்து வரும் வண்டியைத்தான் கூடுதல் கவனத்தோடு பார்க்கவேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் மூழ்கடித்தது. அந்தத் தண்ணீரில் நின்ற காரில் முதலில் நனைவது தரைவிரிப்பு; அதை ஒட்டி, இருக்கைக்கு அடியில்தான் லித்தியம் பேட்டரி. வெளியே பாலிஷ் போட்டு, உள்ளே புது மேட் விரித்து நிற்கும் வண்டியின் முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி டார்ச் அடித்துப் பாருங்கள். சேற்றுக் கோடு, துருப்பிடித்த போல்ட், பச்சை பூத்த கனெக்டர் இருந்தால் அந்த வண்டியின் கதை தெரிந்துவிடும். வாட்டர் சர்வீஸ் செய்யும் பையன்களிடமும், அந்த இருக்கைக்கு அடியில் தண்ணீர்க் குழாயைத் திருப்பக்கூடாது என்று சொல்லிவையுங்கள். ஜம்ப் ஸ்டார்ட் செய்யவேண்டியிருந்தால் பானெட்டுக்குள் இருக்கும் பேட்டரியில்தான் கேபிளை மாட்டவேண்டும், லித்தியத்தைத் தொடக்கூடாது. கெட்டுப்போன லித்தியம் பேட்டரியைப் பிரித்துப் பார்ப்பதும், பழைய இரும்போடு எடைக்குப் போடுவதும் தீயை விலைக்கு வாங்குவது. 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்பவேண்டிய கடமை தயாரிப்பாளருடையது. சர்வீஸ் சென்டரில் ஒப்படைக்க வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்.

ஹைபிரிட் பகுதி பழுதானால் அதை அப்படியே துண்டித்துவிடலாம் என்று சில இடங்களில் சொல்கிறார்கள். இந்த வண்டியில் தனி டைனமோ கிடையாது என்பதை மறக்காதீர்கள். ஐஎஸ்ஜி செத்தால் லெட்-ஆசிட்டுக்கும் சார்ஜ் வராது. அன்று மாலையே வண்டி எங்காவது நின்றுவிடும். அதைச் சரிசெய்தே ஆகவேண்டும், ஸ்கேனர் மாட்டிப் பிழைக்குறியீட்டைப் படித்த பிறகே எதையும் கழற்றவேண்டும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இப்படியொரு வண்டியைக் காட்டி ‘வாங்கலாமாண்ணே?’ என்று யாராவது கேட்டால், பானெட்டைத் திறந்து ஐஎஸ்ஜியையும் பெல்ட்டையும் அவர் கண்ணாலேயே பார்க்கவையுங்கள். இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டுங்கள். எஞ்சின் சூடேறியபின் ஏசியை அணைத்து, நியூட்ரலில் நிறுத்தி, தானாக நிற்கிறதா, கிளட்ச்சை மிதித்தால் சத்தமில்லாமல் கிளம்புகிறதா என்று அவரையே ஓட்டிப்பார்க்கச் சொல்லுங்கள். 30 கிலோமீட்டர் என்ற வார்த்தையைச் சொல்லாதீர்கள். ‘நல்ல எஞ்சின், ஊருக்குள் கொஞ்சம் மிச்சம், இரண்டு பேட்டரிக்கும் பராமரிப்பு உண்டு’ என்று சொல்லி, விலையை அவர் முடிவுக்கு விடுங்கள்.

பட்டறையில் மூத்தவர்களிடம் கூடுதலாக ஒரு வேண்டுகோள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியும் கூட்டமுமாக ஊர் நிறையும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சர்வீசுக்கு வந்த ஒரு ஸ்மார்ட் ஹைபிரிட்டை உரிமையாளரின் சம்மதத்தோடு நிறுத்திவைத்து, தொழில் கற்கும் பையன்களையும் ஸ்டாண்டில் இருக்கும் டிரைவர்களையும் சுற்றி நிற்கச் சொல்லி, பெல்ட்டின் பாதையையும் இரண்டு பேட்டரியின் இடத்தையும் கையால் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள். பிறகு அதே வண்டியில் மலைக்கு ஏறி, செகண்ட் கியரில் இறங்கிவாருங்கள்.